ஷெரிஃப் ஏலத்துக்குப் பிறகும் வீட்டை மீட்கலாம்: மிச்சிகன் கிராமப்புற வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மிச்சிகன் மாநிலத்தில் வீட்டுக் கடன் தவணை நின்றுபோய், ஷெரிஃப் (உள்ளூர்ச் சட்ட அதிகாரி) வீட்டை ஏலம் விட்டதும் பலர் அடுத்த வாரமே சாமான்களைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்பத் தேவையில்லை. ஏலம் முடிந்த நாளிலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடம் மீட்புக் காலம் உண்டு. அது முடியும்வரை உரிமை உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் அங்கேயே குடியிருக்கலாம், விற்கலாம், ஏலத் தொகையைக் கட்டி மீட்கலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம்மவர்கள் இதை எளிதில் நம்ப மாட்டார்கள். இந்தியாவில் வங்கிகள் அடமானச் சொத்தை ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(8) பிரிவை 2016இல் திருத்திய பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு கடன் வாங்கியவரின் மீட்பு உரிமை முடிந்துவிடுகிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த அனுபவத்தோடு வருகிறவருக்கு ஏலம் என்றாலே எல்லாம் முடிந்தது என்று தோன்றும். மிச்சிகனில் கடிகாரம் ஏலத்தன்றுதான் ஓடத் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஹூரான் கவுண்டியை (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வைத்துக்கொள்கிறேன். மிச்சிகனின் கட்டைவிரல் என்று சொல்லப்படும் பகுதியின் நுனியில், சர்க்கரை பீட்டும் பீன்ஸும் விளையும், சுமார் 31,000 பேர் வாழும் கவுண்டி அது. தலைநகர் பேட் ஆக்ஸ். சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் கிராமப்புறத்தில் நிலத்தின் அளவு, விவசாயம், நிலக் காண்ட்ராக்ட் (விற்பவரிடமே தவணை கட்டி வாங்குவது) என்று சில விஷயங்கள் கணக்கையே மாற்றிவிடும்.

முதல் தவணை தவறியதும்

கூட்டாட்சி விதிப்படி, நீங்கள் 120 நாளுக்கு மேல் பாக்கி வைத்த பிறகுதான் சர்வீசர், அதாவது உங்களிடம் மாதத் தவணை வசூலிக்கும் நிறுவனம், ஃபோர்குளோஷரின், அதாவது கடனுக்காக வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கையின், முதல் அறிவிப்பையே கொடுக்க முடியும். அதற்கு முன் 36ஆம் நாளுக்குள் உங்களிடம் நேரடியாகப் பேச முயல வேண்டும். 45ஆம் நாளுக்குள் உதவி வழிகளைச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும். இந்த நான்கு மாதம்தான் மலிவாகத் தப்பிக்கும் காலம். பயத்தில் போனை எடுக்காமலும் கடிதத்தைப் பிரிக்காமலும் விட்டால் இது கரைந்துபோகும்.

கேட்க வேண்டியது 'லாஸ் மிட்டிகேஷன்' விண்ணப்பம், அதாவது வீட்டை இழக்காமல் கடனைச் சமாளிக்க உதவி கேட்கும் மனு. சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வருமான வரிப் படிவம், ஏன் கட்ட முடியவில்லை என்று ஒரு கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். முழுமையான விண்ணப்பம் ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே அவர்கள் கைக்குப் போய்விட்டால், அதற்கு முடிவு சொல்லாமல் ஏலத்தை நடத்தக் கூடாது. 'முழுமையான' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தாள் குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால் என்ன வந்து சேர்ந்தது, என்ன பாக்கி என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

கடன் எந்த வகை என்பதையும் பாருங்கள். கிராமப்புறங்களில் அமெரிக்க வேளாண் துறை நேரடியாகக் கொடுக்கும் 502 வகை வீட்டுக் கடன் நிறையப் பேரிடம் இருக்கிறது. வேலை போனது, உடல்நிலை கெட்டது போல உங்கள் கையில் இல்லாத காரணத்தால் கட்ட முடியவில்லை என்றால், அந்தக் கடனுக்கு இரண்டு வருடம்வரை தவணையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பான எஃப்ஹெச்ஏ காப்பீடு செய்த கடனில் பாக்கியைத் தனியாக ஒதுக்கிக் கடனின் கடைசியில் வைக்கும் வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆலோசகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டின் அங்கீகாரம் பெற்ற வீட்டு ஆலோசகர்கள் இலவசமாகவே உதவுவார்கள்; 888-995-4673 என்ற எண்ணில் பிடிக்கலாம். கடனைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பது கூட்டாட்சி விதிப்படி தவறு. வங்கி எழுத்தில் கொடுத்த ஏற்பாட்டை நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்படிப்பட்ட நிறுவனம் கட்டணமே வாங்கலாம்.

செய்தித்தாளில் அறிவிப்பு வந்ததும்

மிச்சிகனில் பெரும்பாலான ஃபோர்குளோஷர்கள் நீதிமன்ற வழக்கு இல்லாமல், விளம்பரம் மூலமாகவே நடக்கின்றன. கவுண்டியில் வெளியாகும் செய்தித்தாளில் வாரம் ஒரு முறை, தொடர்ந்து நான்கு வாரம் அறிவிப்பு வர வேண்டும். கவுண்டியில் செய்தித்தாளே இல்லையென்றால் பக்கத்துக் கவுண்டியின் தாளில் வரும். முதல் விளம்பரம் வந்த 15 நாளுக்குள் வீட்டில் ஒரு பிரதியை ஒட்ட வேண்டும். உங்களை விசாரணைக்கு அழைக்கும் நீதிபதி யாரும் கிடையாது. கதவில் ஒட்டிய தாள்தான் சம்மன் மாதிரி. அதைக் கிழித்து எறியாமல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

அந்தத் தாளில் மூன்று இடங்களைக் கோடிடுங்கள்: கோரப்படும் மொத்தத் தொகை, ஏல நாள், மீட்புக் காலம் எவ்வளவு என்று அவர்கள் எழுதியிருப்பது. மூன்றாவது சரியா என்று நீங்களே சோதிக்க வேண்டும். கீழே சொல்கிறேன்.

ஏலத்தைத் தடுக்க இந்தக் கட்டத்தில் இரண்டு வழி மிச்சம். ஒன்று, பாக்கித் தவணைகளையும் செலவுகளையும் மட்டும் கட்டிக் கடனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பெரும்பாலான அடமானப் பத்திரங்களில் இந்த உரிமை எழுதியிருக்கும். கடைசி நாள் எது என்பதை உங்கள் பத்திரத்திலேயே பாருங்கள். இன்னொன்று, அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயப்படி போடும் மனு. ஏலத்துக்கு முன்பே தாக்கல் செய்தால் ஏலம் நின்றுவிடும், பாக்கியை மூன்று முதல் ஐந்து வருடத்தில் பிரித்துக் கட்டலாம். விவசாயிகளுக்கென்று 12ஆம் அத்தியாயம் தனியாக இருக்கிறது. ஏலம் முடிந்த பிறகு திவால் மனு போட்டால் இதே பலன் கிடைக்காது என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதென்றால் ஏலத்துக்கு முன்பே பாருங்கள்.

ஏல நாள்

கவுண்டி சர்க்யூட் நீதிமன்றம் நடக்கும் இடத்தில், காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் ஏலம் நடக்கும். ஹூரானில் என்றால் பேட் ஆக்ஸில். நீங்கள் போக வேண்டிய கட்டாயம் இல்லை. போனால் ஏலத் தொகை எவ்வளவு, யார் எடுத்தார் என்று அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் கடன் கொடுத்த வங்கியே எடுக்கும். ஏலம் ஒத்திப்போவதும் சகஜம். தேதி கடந்துவிட்டது, விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைக்காமல் ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

பிறகு ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்னும் கவுண்டிப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய், ஏலம் எடுத்தவருக்கு எழுதிப் பதிவான ஷெரிஃப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். ஏலத் தொகை, நாளொன்றுக்கு ஏறும் வட்டி, மீட்பின் கடைசி நாள் ஆகிய மூன்றும் அதிலும் அதோடு இணைத்த பிரமாணத்திலும் இருக்கும். இனி உங்களுக்கு இருப்பதிலேயே முக்கியமான காகிதம் இதுதான்.

ஆறு மாதமா, ஒரு வருடமா?

நான்கு குடும்பத்துக்கு மேற்படாத குடியிருப்பு, நிலம் 3 ஏக்கருக்கு மேல் இல்லை, அறிவிப்பில் கோரும் தொகை முதலில் வாங்கிய கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இந்த மூன்றும் பொருந்தினால் ஆறு மாதம். நிலம் 3 ஏக்கரைத் தாண்டினாலோ, அறிவிப்பில் கோரும் தொகை அந்த மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாவிட்டாலோ, நிலம் விவசாயத்துக்குப் பயன்பட்டாலோ பொதுவாக ஒரு வருடம்.

நகரத்துப் புறநகரில் கால் ஏக்கர் மனையில் இருப்பவருக்கு இந்த 3 ஏக்கர் விஷயம் பொருட்டே இல்லை. ஹூரான் போன்ற கவுண்டியில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கரில் ஒரு வீடு என்பது சாதாரணம். ஆனால் ஏல அறிவிப்புகளைத் தயாரிப்பது எங்கோ இருக்கும் சட்ட நிறுவனம். வழக்கமான வார்ப்பில் ஆறு மாதம் என்று அச்சாகி வந்துவிடலாம். வரி ரசீதிலோ கவுண்டியின் நில வரைபடத்திலோ உங்கள் ஏக்கர் அளவைப் பாருங்கள். பயிர் வைத்திருந்தால் வருமான வரியில் விவசாயத்துக்கான எஃப் அட்டவணை தாக்கல் செய்த ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

மூன்றில் இரண்டு பங்குக் கணக்கு இப்படி. முதலில் வாங்கிய கடன் 1,50,000 டாலர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு 1,00,000. அறிவிப்பில் 96,000 என்று கோரினால் உங்களுக்கு ஒரு வருடம். அசல் 96,000தான், வட்டியும் செலவும் சேர்த்து 1,04,000 என்று கோரினால் ஆறு மாதம். பார்க்க வேண்டியது அறிவிப்பில் உள்ள தொகையை.

காலம் தவறாக எழுதப்பட்டிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள், சட்ட உதவி மையத்தைப் பிடியுங்கள். மிச்சிகன் நீதிமன்றங்கள், மீட்புக் காலம் முடிந்த பிறகு வந்து ஏலத்தில் குறை சொல்பவருக்கு மிக அரிதாகவே காது கொடுக்கின்றன. வழக்குப் போட்டதாலேயே மீட்புக் காலம் நீண்டுவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

பலர் தடுமாறும் இடம் இது. மீட்பதற்குக் கட்ட வேண்டியது ஏலம் போன தொகையை. மொத்தக் கடனையும் அல்ல, நின்றுபோன தவணையை மட்டுமும் அல்ல. அதற்கு மேல் ஏல நாளிலிருந்து அடமானப் பத்திரத்தில் உள்ள விகிதத்தில் வட்டி. ஏலம் எடுத்தவர் சொத்து வரியோ காப்பீட்டுப் பிரீமியமோ கட்டி, அதற்கான பிரமாணத்தைப் பதிவும் செய்திருந்தால் அந்தத் தொகை.

ஒரு கணக்கு போடலாம். கடன் பாக்கி 98,000 டாலர், வங்கி 90,000க்கு ஏலம் எடுத்தது, வட்டி 6 சதவீதம். ஒரு நாளைக்கு வட்டி 14.79 டாலர். 120ஆம் நாளில் மீட்டால் வட்டி சுமார் 1,775. வங்கி கட்டிய வரியும் காப்பீடும் 2,000 என்று வையுங்கள். மொத்தம் 93,775 டாலர். ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் மூலம் கட்டினால் கூடவே 5 டாலர் கட்டணம். மிச்சமுள்ள 8,000 கடனை வங்கி தனியாகக் கேட்கலாம், ஆனால் வீட்டை மீட்க அது தடையில்லை.

பாதித் தொகை, தவணை எல்லாம் செல்லாது. முழுத் தொகையும் ஒரே தடவையில், உறுதி செய்யப்பட்ட காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ, ஏலம் எடுத்தவரிடம் அல்லது ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸிடம் போய்ச் சேர வேண்டும். கட்டப்போகும் நாளுக்கான தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். சிறு கவுண்டி அலுவலகம் மாலை சீக்கிரமே மூடிவிடும். பனிப்புயலுக்கு மூடினாலும் மூடியதுதான். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். நீங்கள் மட்டும்தான் மீட்கலாம் என்றில்லை, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசும் மீட்கலாம்.

பணத்துக்கு எங்கே போவது?

தவணையே கட்ட முடியாதவர் 90,000 டாலருக்கு எங்கே போவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடும்பத்தில் ஒருவர் புதிதாகக் கடன் வாங்கி மீட்பது உண்டு, ஆனால் அரிது. பெரும்பாலானவர்களுக்கு உண்மையான வழி வீட்டை விற்பதுதான். அதே வீடு சந்தையில் 1,60,000க்குப் போகும் என்றால், விற்பனையின் பத்திரத்தையும் பணத்தையும் கையாளும் டைட்டில் கம்பெனி வாங்குபவரின் பணத்திலிருந்து மீட்புத் தொகையை நேராக வங்கிக்கு அனுப்பிவிடும். மிச்சம் உங்களுக்கு. வேறு பாக்கிகளும் தரகும் போனாலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் நிற்க வாய்ப்பிருக்கிறது. எதுவும் செய்யாமல் காலம் முடிந்தால் அந்த மதிப்பு முழுவதும் ஏலம் எடுத்தவருக்குப் போய்விடும்.

அதனால் ஏலம் முடிந்த முதல் மாதத்திலேயே உள்ளூர் ரியல் எஸ்டேட் தரகரைக் கூப்பிட்டு மதிப்புக் கேளுங்கள். கிராமப்புறத்தில் வீடு நகர்வதற்கு மாதக்கணக்காகும். கிணற்று நீர்ப் பரிசோதனை, செப்டிக் டேங்க் பரிசோதனை, வாங்குபவரின் கடன் ஒப்புதல் என்று நாட்கள் ஓடும். நான்காவது மாதத்தில் தொடங்கினால் பெரும்பாலும் எட்டாது. தரகரிடம் மீட்பின் கடைசி நாளை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கதவைத் தட்டுபவர்கள்

ஷெரிஃப் பத்திரம் பொதுப் பதிவு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவான சில வாரத்தில், "உங்களுக்கு 3,000 டாலர் தருகிறேன், வீட்டைக் காலி செய்யுங்கள், இந்த ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று வருவார்கள். அவர்கள் நீட்டும் தாள் குவிட் கிளெய்ம் டீட். அதில் கையெழுத்திட்டால் மீட்பு உரிமையும் அவர்களுக்குப் போய்விடும். மேலே சொன்ன கணக்கில் 93,775 கட்டி 1,60,000 பெறும் வீட்டை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "பத்திரத்தை என் பெயருக்கு மாற்றுங்கள், நீங்கள் வாடகை கொடுத்து இங்கேயே இருங்கள், பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம்" என்பது இதன் இனிப்பான வடிவம். கஷ்டத்தில் இருப்பவரின் களைப்பை வைத்துச் செய்யும் வியாபாரம் இது. எனக்கு இதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. உரிமையை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. சந்தை மதிப்பு தெரிந்து, வழக்கறிஞர் படித்துப் பார்த்த பிறகு விற்கலாம்.

சர்வீசரின் வாய்வார்த்தையும் இதே அளவு ஆபத்து. "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று போனில் சொன்னதை நம்பி மீட்புக் காலத்தைத் தவறவிட்டவர் நீதிமன்றத்தில் அதைக் காட்டி வெல்ல முடியாது. வங்கி கொடுக்கும் வாக்குறுதி கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் மிச்சிகன் சட்டம் ஏற்கும்.

காலம் சுருங்கிவிடும் இரண்டு வழிகள்

வீட்டைக் காலி செய்து போனால், அது கைவிடப்பட்ட வீடு என்று சொல்லி மீட்புக் காலத்தை ஒரு மாதமாகச் சுருக்க முடியும். அதற்கு முன் அறிவிப்புக் கடிதம் வரும். கைவிடவில்லை என்று 15 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்தால் அது நிற்காது. வீட்டில் யாரும் இல்லையென்றால் கடிதத்தை யார் பார்ப்பது? முதலிலேயே வெளியேற வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். மருத்துவமனையிலோ பிள்ளை வீட்டிலோ சில வாரம் இருக்க நேர்ந்தால், தபாலைப் பார்க்கவும் முன்வாசல் பனியைத் தள்ளவும் ஆள் வையுங்கள்.

இன்னொன்று பரிசோதனை. ஏலம் எடுத்தவர் முன்னறிவிப்போடு வீட்டை வந்து பார்க்கலாம். நியாயமான காரணமில்லாமல் தடுத்தாலோ, வீடு சேதமானாலோ ஆகும் நிலையில் இருந்தாலோ, அவர் நீதிமன்றம் போய் உங்கள் மீட்பு உரிமையையே முடிக்கக் கேட்கலாம். உள்ளே விடுங்கள், நீங்களும் கூட நில்லுங்கள், அன்றைக்கு எல்லா அறைகளையும் படம் எடுத்து வையுங்கள். ஹீட்டரைக் கழற்றி விற்பது, குழாய் உறையவிடுவது போன்றவை உங்களுக்கே வினையாகும்.

காலம் முடிந்துவிட்டால்

அப்போதும் யாரும் பூட்டை மாற்றி உங்களைத் தெருவில் நிறுத்த முடியாது. ஏலம் எடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். காலி செய்வதற்குப் பணம் தருகிறேன் என்று பலர் முன்வருவார்கள். உரிமை முடிந்த பிறகு அதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. தேதியையும் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஏலத்தில் கடனுக்கு மேல் தொகை வந்திருந்தால், மற்ற பாக்கிகள் போக மிச்சம் உங்களுடையது. கேட்டால்தான் கொடுப்பார்கள். வங்கி குறைவாக ஏலம் எடுத்துவிட்டு மீதிக் கடனுக்கு வழக்குப் போட்டால், வீட்டின் உண்மையான மதிப்பு ஏலத் தொகையைவிட மிக அதிகம் என்று வாதாடச் சட்டம் இடம் தருகிறது.

நிலக் காண்ட்ராக்ட்டில் வாங்கியவர்கள்

கிராமப்புற மிச்சிகனில் வங்கி இல்லாமல், விற்பவரிடமே தவணை கட்டி வீடு வாங்குவது இன்னும் நடக்கிறது. தவறினால் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்த விலையில் பாதிக்குக் கீழ் கட்டியிருந்தால் 90 நாள், பாதியோ அதற்கு மேலோ கட்டியிருந்தால் ஆறு மாதம் மீட்கலாம். இதில் நின்றுபோன பாக்கியையும் செலவையும் கட்டினால் போதும். கட்டியதற்கெல்லாம் ரசீது வைத்திருக்க வேண்டும்.

சொத்து வரிக்காக வீடு போவது

இது வேறு பாதை, விதிகளும் வேறு. இங்கே ஏலத்துக்குப் பிறகு மீட்பு கிடையாது. அடமானம் இருக்கும் வீட்டில் வரியைப் பெரும்பாலும் சர்வீசரே கட்டிவிடுவார். அதனால் இதில் சிக்குபவர்கள் கடனை அடைத்து முடித்த முதியவர்களும், பெற்றோரின் வீட்டைப் பெயர் மாற்றாமல் வைத்திருக்கும் பிள்ளைகளும்தான்.

2024ஆம் ஆண்டு வரி நின்றுபோனது என்று வையுங்கள். 2025 மார்ச் 1 அன்று பாக்கி கவுண்டி ட்ரெஷரரிடம் (பொருளாளர்) போகும். 4 சதவீதக் கட்டணமும் மாதம் 1 சதவீத வட்டியும் ஏறும். 2026 மார்ச் 1 அன்று சொத்து பறிமுதல் நிலைக்கு வரும், வட்டி மாதம் 1.5 சதவீதமாகும். 2027 மார்ச் 31தான் கட்டி மீட்கக் கடைசி நாள். அதற்கு முன் ட்ரெஷரரை நேரில் பாருங்கள். சொந்தக் குடியிருப்புக்குத் தவணை ஏற்பாடும், கஷ்டம் என்று காட்டினால் அவகாசமும் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் ஊரின் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்திடம் வறுமை விலக்குக் கேட்கலாம். அதை ஒவ்வொரு வருடமும் தவறாமல் விசாரியுங்கள்.

முன்பெல்லாம் வரிக்காகப் போன வீட்டின் முழு விலையையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. ஓக்லாண்ட் கவுண்டியில் 8.41 டாலர் வரிப் பாக்கிக்காக ஒரு வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டது. உரிமையாளருக்கு ஒரு காசு வரவில்லை. அந்த ரஃபேலி வழக்கில் 2020இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், வரி போக மிச்சம் உரிமையாளருடையது என்று தீர்ப்பளித்தது. 2023இல் மினசோட்டாவின் டைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதே கருத்தைச் சொன்னது.

ஆனால் மிச்சப் பணம் தானாக வீட்டுக்கு வராது. 5743 என்ற எண்ணுள்ள படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, வீடு போன அதே வருடம் ஜூலை 1க்குள் ட்ரெஷரரிடம் நேரிலோ சான்றுத் தபாலிலோ சேர்க்க வேண்டும். விற்பனை முடிந்து, அடுத்த வருடம் ஜனவரி இறுதிக்குள் எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் தெரிவிப்பார்கள். பிப்ரவரி 1க்கும் மே 15க்கும் நடுவில் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். 5 சதவீதக் கமிஷன் போக மீதி வரும். இந்தப் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று பங்கு கேட்டு வருபவர்களிடம் கையெழுத்துப் போடும் முன் சமூக உதவித் தொலைபேசி எண்ணான 211ஐ அழைத்து உங்கள் பகுதியின் இலவசச் சட்ட உதவி மையம் எது என்று கேளுங்கள். படிவம் கவுண்டி ட்ரெஷரரின் அலுவலகத்திலேயே கிடைக்கும்.